மதிலா, கதியாலா? ஒரு வளவின் நான்கு பக்கங்கள்

போன வருடம் ஆவணியில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்களுக்குக் குடிபூரல். பால் காய்ச்ச வந்த சொந்தக்காரர் அறை அறையாகப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், பிறகு முற்றத்தில் நின்றுகொண்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மதில் எப்ப கட்டப் போறியள்?" கொழும்பு வெள்ளவத்தையில் 12 வருடம் மூன்றாம் மாடியில் இருந்துவிட்டு வந்தவள் நான். கத்தரியை எங்கே வைப்பது, தூதுவளையை எங்கே படரவிடுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மதில் என் கணக்கிலேயே இல்லை.

போகப் போகத்தான் புரிந்தது. இங்கே வளவின் எல்லையில் எதை நிறுத்துகிறோம் என்பது தோட்டத்துக்கு வெளியே இருக்கிற விஷயம் அல்ல. பாத்தியில் விழும் வெயில், வாழைக்குப் படும் காற்று, மாரி வெள்ளம் வடியும் வழி, மண்ணுக்குப் போகும் பசளை, பக்கத்து வீட்டாரோடு கதை பேச்சு எல்லாமே அதில் வந்து முட்டுகின்றன. என் கணவர், இவர் மதில் கட்சி, நான் வேலிக் கட்சி. இரண்டு மாதம் வழக்குப் பேசினோம்.

முதலில் செலவு. எங்கள் வளவு 60 அடிக்கு 90 அடி, 2 பரப்புக்கு மயிரிழை குறைவு. (தோட்டக்காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர்.) சுற்றளவு 300 அடி. ஐந்தடி உயர மதில் என்றால் 1,500 சதுர அடிச் சுவர். 16 அங்குலத்துக்கு 8 அங்குலச் சீமெந்துக் கல்லில் பார்த்தால் 1,600 கல்லுக்குக் குறையாது. அதோடு தூண், கம்பி, மணல், பூச்சு, மேசன் கூலி. அத்திவாரம் தனிக்கதை. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். செம்பாட்டு மண் சில இடத்தில் ஆழமாக இருக்கும், சில இடத்தில் இரண்டு அடியிலேயே அலவாங்கு "ணங்" என்று நிற்கும். எங்கள் மேற்கு மூலையில் மாங்கன்றுக்குக் கிடங்கு வெட்டியபோதே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டோம். மேசன் வந்து பார்த்து ஒரு தொகை சொன்னார். அன்று இரவு இவர் மதிலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

தகரம் அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும், மறைப்பும் கிடைக்கும். பங்குனி சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தடியில் ஒரு வெண்டிக் கன்றை நட்டுப் பாருங்கள், அப்புறம் யாரும் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். முட்கம்பி மாட்டைத் தடுக்கும், கண்ணைத் தடுக்காது. இரண்டையும் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

கிடுகு வேலியும் பனையோலை வேலியும் அப்படித் தள்ளக்கூடியவை அல்ல. புதிதாக அடைத்த ஓலை வேலியின் வாசமும் நிறமும் எந்தப் பூச்சு மதிலுக்கும் வராது. மறைப்பு முழுமை, காற்றும் மெல்லப் புகுந்து வரும். இற்றுப்போன பழைய ஓலையும் வீணாகாது. பாத்திக்குள் தாழ்த்துவார்கள், அதுவும் பசளைதான். சிக்கல் கறையானும் ஆளும். ஒரு மாரி, ஒரு கோடை போனால் கீழ்ப்பாதி உக்கிவிடும், திரும்ப அடைக்க வேண்டும். வேலி அடைக்கத் தெரிந்த ஆட்கள் இன்று ஊருக்கு ஒருவர் இருவர். கிணற்றடியில் குளிக்கிற பக்கம் மட்டும் 20 அடிக்குக் கிடுகு கட்டினோம். அந்த அளவு எங்களால் சமாளிக்க முடிகிறது.

ஆக, உண்மையான போட்டி மதிலுக்கும் கதியாலுக்கும்தான்.

கதியால் என்பது உயிருள்ள தடி. நட்டால் வேர்விட்டுத் தளிர்த்து, வருடம் போகப் போகத் தடிக்கும். ஐப்பசி மழை தொடங்கும்போது நட வேண்டும். எங்களுக்கு மழையின் பெரும்பங்கு அந்த வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வருகிறது, அதைத் தவறவிட்டால் ஒவ்வொரு தடிக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ள வேண்டும். மணிக்கட்டுத் தடிப்பில் முற்றிய தடியாக, ஆறடி நீளத்தில் சரித்து வெட்டி, சில நாள் நிழலில் சாத்தி வைத்து, ஒன்றரை அடி ஆழத்தில் நாட்டி, சுற்றி மண்ணை இறுக்கி மிதிக்க வேண்டும். எங்கள் பொறுப்பில் வந்த இரண்டு பக்கத்துக்கு, அடிக்கு ஒன்றாக, 150 தடி. பாதிக்கு மேல் பக்கத்து வளவுகளில் வேலி வெட்டியபோது சும்மா கிடைத்தவை. மீதியை ஒரு லான்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரம்) ஏற்றி வந்தோம்.

எந்தத் தடி என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. கிளுவை பழைய ஆட்களின் தெரிவு. முள் இருக்கும், மெதுவாக வளரும், அடிக்கடி வெட்டச் சொல்லிக் கேட்காது, வறட்சிக்கு அசையாது. ஆனால் கோடையில் இலை கொட்டி வெறும் தடியாக நிற்கும், மறைப்பு போய்விடும். பூவரசு நல்ல இலைக்குழை தரும், ஆடு விரும்பித் தின்னும், பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம். விட்டால் மரமாகிவிடும். நிழலும் வேரும் பாத்திக்குள் வந்து குந்திக்கொள்ளும். முள்முருக்கு சட்டென்று வேர் பிடிக்கும், கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால் நட ஒரு கொப்பும் கையோடு இருக்கும். தடிதான் மென்மை, காற்றுக்கு முறியும். கிளிசீறியா வந்த இடம் தெரியாமல் வளர்கிறது, வெட்ட வெட்டத் தளிர்க்கிறது. அவரை இனம் என்பதால் வேரில் நைதரசனைப் பிடித்து வைக்கும், இலை மண்ணுக்குள் போனால் சில கிழமைகளில் உக்கிவிடும். அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை, மாசியில் வரும் ஊதாப் பூவைத் தவிர.

நாங்கள் மேற்கில் கிளிசீறியாவை நட்டு, இடைக்கிடை கிளுவையைச் செருகினோம். வடக்கில் பாத்திகள் தள்ளி இருப்பதால் பூவரசு. நான் முருங்கையையும் வேலிக்குள் நட்டேன், அது பிழை. முருங்கை வேலியாகாது. மயிர்க்கொட்டிப் புழு ஏறிய நாளில் அந்தப் பக்கமே போக முடியாது.

இந்த வேலி மதிலை முழுசாக வென்றது குழையில். செம்பாட்டு மண்ணுக்கு நிறம்தான் கவர்ச்சி. சேதனப் பொருள் குறைவு, தண்ணீரை நிறுத்தி வைக்காது, வருடா வருடம் குழை தாழ்க்காமல் நல்ல விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. புகையிலையும் வெங்காயமும் செய்த இங்கத்தைய கமக்காரர் பூவரசும் வாதநாராயணியும் பாவட்டையும் வெட்டித் தாழ்த்தது இதற்குத்தான். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் தளர்த்தியது. அந்த இடைப்பட்ட மாதங்களில் எங்கள் சித்தப்பா தன் வேலி முழுவதையும் மொட்டையடித்துத் தோட்டத்துக்குள் போட்டார். மதில் வைத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர் குழையைக் காசுக்கு வாங்கினார்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் மேலே போடுவதெல்லாம் கீழே இறங்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் நைத்திரேற்று நிலத்தடி நீருக்குப் போகிறது. குடாநாட்டுத் தோட்டப் பகுதிக் கிணறுகளில் இது பல காலமாகப் பேசப்படும் பிரச்சினை. நாங்கள் குடிப்பதும் அதே கிணற்றுத் தண்ணீர். கத்தரிப் பாத்தியில் இருந்து கிணறு 25 அடி.

காற்றைப் பற்றி இவர் சொன்னது: "மதில் இருந்தா சோளகம் அடிக்காது." சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இறுகிய சுவரில் மோதும் காற்று மேலெழும்பி அந்தப் பக்கம் சுழன்று விழும். வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் முடக்கில் மதில் வீட்டு வாழைகளைப் பார்த்தோம், ஆடி மாதத்தில் இலைகள் சீப்பால் வாரியது போலக் கிழிந்து நின்றன. வேலி காற்றை நிறுத்தாது, சல்லடை போல வடித்துவிடும். இந்த வருட ஆடியில் எங்கள் வாழை இலையில் சாப்பாடு போடக்கூடியதாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். இவர் மறுக்கவில்லை.

வெள்ளமும் அப்படி. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறில்லாத ஊர் இது. மழைநீர் வளவுக்கு வளவு தாண்டித்தான் வடிய வேண்டும். நாலு பக்கமும் மதில் எழுப்பினால் ஒன்றில் உங்கள் முற்றம் குளமாகும், அல்லது மேல்பக்கத்து வீட்டுக்காரரின் முற்றம். மதில்தான் என்றால் அடியில் நீர் போகத் துவாரம் விடச் சொல்லுங்கள். கட்டி முடிந்த பிறகு யாரும் உடைக்க மாட்டார்கள்.

இனி, வேலியின் குற்றங்களை மறைக்கக் கூடாது. மாரியில் நத்தை அதற்குள்தான் பகலைக் கழிக்கிறது. இரவில் என் கீரைப் பாத்திக்கு விருந்துக்கு வருகிறது. பாம்பும் வரும், ஒரு சாரையை நானே கண்டேன். வேலிக்கு மூன்று அடிக்குள் வைத்த மிளகாய் வெளிறிப்போய் நின்றது. வருடத்தில் மூன்று முறையாவது கொக்கைத்தடியும் சத்தகமும் எடுத்து வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் ஒழுங்கை இருண்டுவிடும். முதல் ஒரு வருடம் மறைப்பு என்று ஒன்றும் இல்லை. வயதான தம்பதி தனியாக இருக்கிற வீட்டுக்கோ, வெளிநாட்டில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறவர்களுக்கோ கதியாலைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு மதில்தான் சரி.

கட்டாக்காலி மாட்டுக்கும் மதில்தான் மருந்து. புதுக் கதியாலின் தளிரை ஒரே இரவில் மேய்ந்துவிட்டுப் போகும். அதனால் தெற்கே ஒழுங்கைப் பக்கம் 60 அடிக்கும் மதில் என்று நான் விட்டுக்கொடுத்தேன். பிரதேச சபையில் அனுமதி எடுத்து, நாலடி உயரத்தில், நடுவில் படலையோடு கட்டியாயிற்று. இவருக்குக் கால்வாசி வெற்றி.

எல்லை வழக்கில் எது பாதுகாப்பு என்று கேட்பார்கள். வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் நீதிமன்றத்துக்குப் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. மதில் நகராது, உண்மை. ஆனால் வலிகாமம் வடக்கில் மாமியின் காணி போரால் 1990இல் விட்டுப் போனது. 27 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மதில் இருந்த தடமே இல்லை. பின்வேலிப் பூவரசுகள் பெருமரமாகி ஒரே நேர்கோட்டில் நின்றன. நில அளவையாளர் வருவதற்கு முன்பே மாமி கையைக் காட்டிவிட்டார்: "உதுதான் எங்கட எல்லை."

வேலியோரத்து மரங்களுக்கும் பழைய சட்டம் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில், நட்டு வளர்த்த மரத்தின் கொப்பு அடுத்த காணிக்கு மேலே சாய்ந்தாலும் காய் நட்டவருக்கே என்று சொல்லியிருக்கிறது. இதைக் கிழக்கு வளவு அன்ரியிடம் சொன்னேன். அவரின் கறுத்தக்கொழும்பான் மாமரக் கொப்பு எங்கள் பக்கம் தொங்குகிறது. "சட்டத்தை நீ வச்சுக்கொள் பிள்ளை, விழுறதை எடுத்துச் சாப்பிடு" என்றார்.

கிழக்குப் பக்கம் மதில் வருமோ என்று அதிகம் பயந்தவரும் அவர்தான். "மதில் கட்டினா நான் ஆரோட கதைக்கிறது?" என்று குடிவந்த கிழமையே கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் எப்போதோ அவர் நட்ட கிளுவை இருக்கிறது. எந்தப் பக்க வேலியை யார் பார்ப்பது என்று அயலுக்குள் ஒரு வழக்கம் இருக்கும், அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது. எங்கள் வழக்கத்தில் கிழக்கு அவருடையது. கிணற்றடிக்கு நேரே வேலியில் நுழைந்து வர ஒரு பொட்டு விட்டிருக்கிறார். அதால் அவரின் நாய் வரும், வாழைப்பூ போகும், ஒடியல் மா வரும், ஆட்டுக்குக் குழை போகும்.

வடக்கில் நட்ட பூவரசில் 11 தடி பட்டுப்போய்விட்டது. வாற ஐப்பசியில் அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டும். தடி தான் தருவதாக அன்ரி சொல்லியிருக்கிறார், பூவரசு வேண்டாமாம், கிளுவைதானாம்.