டஸ்கன் சிவப்பு என்று விற்கப்பட்ட நான்கு புட்டிகள்

ரயில்களின் சிறு மாதிரிகளைச் செய்யும் நண்பர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பழைய ரயில் வண்ணங்களைக் கலந்து விற்கும் ஒருவரிடம் நான்கு புட்டி பெயிண்டுக்குத் தபால் செலவோடு 83 டாலர் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணத்தை விடுங்கள். எட்டு மாதம் இரவில் கண்விழித்துச் செய்த ஆறு மாதிரி ரயில் பெட்டிகள் பாழாயின. அதுதான் ஆறவில்லை.

நான் செய்தவை பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற பழைய அமெரிக்க ரயில் நிறுவனத்தின் பி-70 வகைப் பயணிகள் பெட்டிகள். அசல் பெட்டி ஏறத்தாழ 80 அடி நீளம். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 28 சென்டிமீட்டர் வரும். அந்த ரயில்ரோட்டின் அடையாளமே டஸ்கன் சிவப்புதான். காவிக்கல்லை இழைத்து அதில் கொஞ்சம் நாவற்பழச் சாறு விட்டதுபோல, செங்கல்லும் இல்லாத, குங்குமமும் இல்லாத ஓர் ஆழ்ந்த நிறம். ஒரு சாயல் மாறினாலும் அது வேறொரு ரயில்ரோட்டின் பெட்டி ஆகிவிடும்.

நம்மில் பலர் நம்பியிருந்த, ரயில் மாதிரிகளுக்கான ஃப்ளோகில் பெயிண்ட் 2013-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் சிறு விற்பனையாளர்கள் நிறையப் பேர் வந்தார்கள். நேர்மையானவர்களும் உண்டு. எனக்கு விற்றவருடைய விளம்பரத்தில் ‘அசல் டிரிஃப்ட் கார்டோடு ஒப்பிட்டுக் கலந்தது’ என்று இருந்தது. டிரிஃப்ட் கார்டு என்பது ரயில்ரோடு தன் வண்ணத்துக்கு அளவுகோலாக வைத்திருந்த மாதிரி அட்டை. பெயிண்ட் தயாரிப்பவர்கள் அதற்குத்தான் ஒத்துப்போக வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாங்கினேன்.

அடித்தளத்து அறையில் எல்.இ.டி. விளக்கின் கீழ் ஏர்பிரஷால் அடித்தேன். அழகாகத்தான் இருந்தது. பொன்னிற எழுத்துகளை ஒட்டி, மேல்பூச்சும் கொடுத்து முடித்துவிட்டேன். படம் எடுப்பதற்காக ஒரு ஞாயிறு காலை வாசல் படியில் வரிசையாக வைத்தபோது நெஞ்சு அடைத்தது. முதல் இரண்டு புட்டிகளில் அடித்த மூன்று பெட்டிகள் செம்பருத்திப் பூப்போலப் பளீரென்று இருந்தன. மற்ற மூன்றும் பழுப்பேறிய கத்தரிக்காய் நிறம். ஒரே ரயிலின் பெட்டிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. இரண்டு கலவைகள் ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்து, வேறு வெளிச்சத்தில் பிரிந்துபோகும். அவற்றில் உள்ள நிறமிகள் வேறு வேறாக இருந்தால் அப்படித்தான் ஆகும். டஸ்கன் சிவப்பு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது இரும்பு ஆக்சைடு காவியோடு ஆழ்ந்த சிவப்புச் சாயம் ஒன்றைச் சேர்த்த கலவை. கையில் கிடைத்த சிவப்பையும் கறுப்பையும் கலந்து கண்ணால் ஒப்பேற்றினால் வெயிலில் குட்டு வெளிப்பட்டுவிடும். புட்டிக்குப் புட்டி அளந்து கலக்கவில்லை என்பதும் என் படியிலேயே தெரிந்தது.

அவருக்கு எழுதினேன். எந்த அட்டை, எந்த ஆண்டினுடையது என்று மூன்று முறை கேட்ட பிறகு உண்மை வந்தது. அட்டையே அவரிடம் இல்லை. எக்டாக்ரோம் என்ற கோடாக் வண்ணப் பிலிமில் எடுத்த பழைய ஸ்லைடு ஒன்றை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கலந்திருக்கிறார். அந்தக் காலத்து எக்டாக்ரோமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும்; படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். கோடாக்கின் இன்னொரு பிலிமான கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் இவ்வளவு மாறாது என்றாலும் அதுவும் பெயிண்டுக்கு அளவுகோல் ஆகாது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, திறந்த புட்டிகளைத் திரும்ப வாங்குவதில்லை என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். திறக்காமல் எப்படிப் பெயிண்ட் அடித்துப் பார்ப்பது?

இப்போது யாரிடம் வாங்கினாலும் முதலில் அட்டையின் படத்தையும் அதில் அச்சிட்ட ஆண்டையும் கேட்கிறேன். அடுத்து, ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் அடித்துக் காயவைத்த மாதிரியைத் தபாலில் அனுப்பச் சொல்கிறேன். அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கவும் தயார். வந்ததும் ஜன்னல் ஓரத்திலும், குண்டு பல்பின் கீழும், மாதிரி ஓடப்போகும் அறையின் விளக்கிலும் வைத்துப் பார்க்கிறேன். எல்லாப் புட்டிகளும் ஒரே கலவையா என்று எழுத்தில் வாங்குகிறேன். கலவை வேறாக இருந்தால், அடிக்கும் முன் அத்தனையையும் ஒரே ஜாடியில் ஊற்றிக் கலக்கிவிட வேண்டும். அன்று இதைச் செய்திருந்தால் நிறம் தப்பாக இருந்தாலும் ஆறு பெட்டிகளும் ஒன்றுபோலாவது இருந்திருக்கும். அருங்காட்சியகப் பெட்டியைப் பார்த்துக் கலந்தேன் என்று சொல்பவரிடமும், அது எப்போது மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

நான்கு பெட்டிகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டேன். ஆணித்தலை போலிருக்கும் ரிவெட்டுப் புள்ளிகள் பிழைத்துக்கொண்டன. ஐந்தாவது பெட்டியின் ஜன்னல் சட்டம் ஒன்று தேய்த்த வேகத்தில் உடைந்துபோனது. ஆறாவதை அப்படியே வைத்திருக்கிறேன், புட்டிகளோடும் அவர் எழுதிய கடிதங்களோடும். வாங்க நினைப்பவர்கள் கேட்டால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை அனுப்புகிறேன்.