பச்சை டிக் இருக்கிறது, மெயில் எங்கே?

அலுவலகத்துக்கு வந்துபோகும் மெயில் அத்தனைக்கும் நகல் எடுத்து வைத்து, வருடங்கள் கழித்துக் கேட்டாலும் தேடிக் கொடுக்கும் ஆர்க்கைவ் மென்பொருள் ஒன்றோடு குடித்தனம் நடத்துகிறேன். தேர்ந்தெடுத்தது மேலிடம், ஓட்டுவது நான். பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே வரும் குறைகளில் பல இந்த வகை மென்பொருள்களுக்கே பொதுவானவை என்பதால், வேறொன்றை வாங்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேடல் பிரமாதம். இணைப்பாக வந்த பிடிஎஃப், எக்செல் கோப்புகளுக்குள்ளும் நுழைந்து தேடுகிறது. ஒரே இணைப்பு எத்தனை பேருக்குப் போயிருந்தாலும் ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொள்வதால் டிஸ்க் அநியாயத்துக்கு நிரம்புவதில்லை. வழக்கு, தணிக்கை என்று வந்தால் ஒருவருடைய மெயிலை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியும் ஒழுங்காக வேலை செய்கிறது. இந்த மூன்றுக்கும் முழு மதிப்பெண்.

தகராறு எல்லாம் சிங்க்கில்தான், அதாவது மெயில்பாக்ஸில் இருப்பதை ஆர்க்கைவோடு ஒத்திசைக்கும் வேலையில்.

டாஷ்போர்டைத் திறந்தால் ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கு நேராகவும் ஒரு பச்சை டிக். பார்க்க நிம்மதியாக இருக்கும். மென்பொருள் தன் வேலையைக் குறித்து வைக்கும் பதிவான லாக்கைத் திறந்து படித்தால் அந்த நிம்மதி போய்விடும். சிங்க் வேலை தொடங்கி, நடுவில் விழாமல் முடிந்தால் டிக் விழுகிறது, அவ்வளவுதான். மெயில்பாக்ஸில் எத்தனை, ஆர்க்கைவில் எத்தனை என்று அது எண்ணிப் பார்ப்பதே இல்லை. சர்வர் நெரிசலில் 429 என்று பதில் அனுப்பி, இத்தனை நொடி கழித்து வா என்று சொன்னால், சில தடவை முயன்று பார்க்கும். அப்புறம் அந்த மெயிலை 'தவிர்க்கப்பட்டது' என்று லாக்கில் ஒரு மூலையில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். டிக் அப்போதும் பச்சைதான். இதற்குச் சிவப்பு விளக்கே எரிந்திருக்கலாம், நானாவது எழுந்து பார்த்திருப்பேன்.

ஆர்க்கைவுக்குள் மெயில் வர இரண்டு வழி உண்டு. ஒன்று ஜர்னலிங். மெயில் சர்வரைக் கடக்கும்போதே நகல் எடுக்கப்பட்டு, பிசிசியில் இருந்தவர்களின் முகவரி உட்பட மேலே ஒரு உறையில் எழுதப்பட்டு வரும். இதில் மெயில் தவறுவது அபூர்வம். ஆனால் பயனர் அந்த மெயிலை எந்த ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறார் என்பது ஜர்னலுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இரண்டாவது வழியான மெயில்பாக்ஸ் சிங்க். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து, புதிதாக இருப்பதை எடுத்து வரும். எங்களுக்கு வரும் புகார்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த இரண்டாவது வழியைப் பற்றியவை.

இருப்பதிலேயே அதிகம் அலையவிட்ட ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் ஒருவர் தன் கணினியில் கிடந்த பழைய பிஎஸ்டி கோப்பை (அவுட்லுக் மெயில்களைக் கணினியிலேயே சேமிக்கும் கோப்பு) திறந்து, 2016ஆம் ஆண்டு மெயில்களை மெயில்பாக்ஸுக்குள் இழுத்துப் போட்டார். அவுட்லுக்கில் தெரிகின்றன, வெப்மெயிலிலும் தெரிகின்றன, ஆர்க்கைவில் மட்டும் இல்லை. மறுபடி மறுபடி சிங்க் ஓட்டினாலும் வரவில்லை. பிழை ஏதும் இல்லை, 'தவிர்க்கப்பட்டது' பட்டியலிலும் இல்லை. காரணம் இதுதான்: இந்த மென்பொருள் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'கடைசியாகப் பார்த்தது இந்தத் தேதி வரை' என்று ஒரு குறி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை, அதற்குப் பிறகு வந்து சேர்ந்த மெயில்களை மட்டும் கொடு என்று சர்வரிடம் கேட்கிறது. இழுத்துப் போட்ட மெயிலின் வந்த தேதி இன்றும் 2016தான். ஆகவே அது கண்ணில் படவே படாது. ஆர்க்கைவ் செய்ய வேண்டாம் என்று விலக்கி வைத்த ஃபோல்டரிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மாற்றிய பழைய மெயிலுக்கும் இதே கதிதான்.

சரியான வழி வேறு. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சிடம் தேதியைச் சொல்லாமல், போன தடவை அது கொடுத்த ஒத்திசைவுக் குறியீட்டைத் திருப்பிக் கொடுத்து 'இதற்குப் பிறகு என்ன மாறியது' என்று கேட்கலாம். மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் வழியான கிராஃப் ஏபிஐயில் இதற்கு டெல்டா என்று பெயர். உள்ளே புதிதாக நுழைந்த எதுவும், எந்தத் தேதியில் எழுதப்பட்டதாக இருந்தாலும், அந்தப் பதிலில் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் எங்கள் மென்பொருளுக்கு இது தெரியும்! புதிதாக நிறுவினால் இப்படித்தான் ஓடுகிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்களுக்கு மட்டும் தேதி முறையே தொடர்கிறது, மேம்பட்ட அமைப்புகளில் நாலு தட்டு கீழே போய் மாற்ற வேண்டும். கையேட்டில் ஒரு வரி கிடையாது. ஆதரவுக் குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் கிடைத்ததால் தெரிந்தது.

அதே குழுவில் முதலில் கிடைத்த ஆலோசனை 'சிங்க் நிலையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்' என்பது. எல்லா நோய்க்கும் அவர்களிடம் உள்ள ஒரே மருந்து அது. எல்லா மெயில்பாக்ஸுக்கும் ஒரே நேரத்தில் அதைச் செய்தால் சர்வர் 429ஐ வாரி இறைக்கும், பழைய ஓட்டை அடைபடுவதற்குள் புதிது விழும். ஒரு துறை முடிந்தபின் அடுத்தது என்று வார இறுதிகளில் பிரித்துச் செய்வது நல்லது.

இதற்கு நேர் எதிரான தொல்லை, ஒரே மெயில் இரண்டு இரண்டாக வருவது. எங்கள் கிளை ஒன்று இன்னும் தனி ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கும் பொது முறை) சர்வரில் இருக்கிறது. ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு யுஐடி எண், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யுஐடி வேலிடிட்டி என்று இன்னொரு எண். இரண்டாவது எண் மாறினால் பழைய யுஐடிகள் எதுவும் செல்லாது என்று பொருள். அந்தச் சர்வரை பேக்கப்பிலிருந்து மீட்டபோது அந்த எண் மாறியது. மென்பொருள் விதிப்படி எல்லாவற்றையும் மறுபடி படித்தது, அது சரி. ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள அடையாளமான மெசேஜ்-ஐடியை ஒப்பிட்டு 'இது ஏற்கெனவே என்னிடம் உள்ளது' என்று ஒதுக்கியிருக்க வேண்டாமா? ஃபோல்டர் பெயரையும் சேர்த்து ஒப்பிடுகிறதாம். மீட்டபின் ஃபோல்டர் பெயர்களில் முன்னால் 'இன்பாக்ஸ்' ஒட்டிக்கொண்டதால் அதற்கு எல்லாம் புதிதாகத் தெரிந்தது.

பயனர் பக்கத்தில் வருவது பெரும்பாலும் அவுட்லுக் ஆட்-இன் கோளாறு. ஆர்க்கைவுக்குப் போன மெயிலின் இடத்தில் ஒரு சுருக்கப் பிரதி நிற்கும், அதைச் சொடுக்கினால் முழு மெயிலையும் கொண்டுவருவது இந்த ஆட்-இன். அவுட்லுக் 2013 முதல், தொடங்கும்போது ஒரு ஆட்-இன் எடுத்துக்கொள்ளும் நேரம், ஐந்து தடவைகளின் இடைநிலையில் 1,000 மில்லிசெகண்டைத் தாண்டினால் அவுட்லுக்கே அதை முடக்கிவிடும். இவர்களுடைய ஆட்-இன் மந்தம். பழைய மடிக்கணினிகளில் அடிக்கடி முடங்குகிறது, பயனருக்கோ மெயிலே அழிந்துவிட்டதுபோல் தெரிகிறது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் 'எப்போதும் இயங்க வேண்டிய ஆட்-இன்' பட்டியலில் சேர்த்ததும் அழைப்புகள் குறைந்தன.

எல்லா மெயில்பாக்ஸும் ஒரே நேரத்தில் நின்றால் யோசிக்கவே வேண்டாம், மென்பொருள் மெயில் சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல்லான கிளையண்ட் சீக்ரெட் காலாவதியாகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் என்ட்ரா போர்ட்டலில் அதற்கு அதிகபட்சம் 24 மாத ஆயுள்தான் கொடுக்க முடியும். இதற்கு மட்டும் சிவப்பு எரிகிறது, நின்றபிறகு. முன்கூட்டி எச்சரிக்கை இல்லாததால் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

வாங்கலாமா என்றால், ஜர்னலிங் மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மெயில்பாக்ஸ் சிங்க்கும் வேண்டுமென்றால், கையெழுத்துப் போடும் முன் சோதனை மெயில்பாக்ஸ் ஒன்றில் பழைய பிஎஸ்டியை இழுத்துப் போட்டு, ஆர்க்கைவில் வருகிறதா என்று அவர்கள் முன்னாலேயே பாருங்கள். எக்ஸ்சேஞ்சோடு இடபிள்யூஎஸ் என்ற பழைய வழியாகப் பேசுகிறதா, கிராஃபுக்கு மாறிவிட்டதா என்றும் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இடபிள்யூஎஸ்ஸை 2026 அக்டோபரில் நிறுத்தத் தொடங்குவதாக மைக்ரோசாஃப்ட் 2023லேயே அறிவித்துவிட்டது.

எண்ணிப் பார்க்கும் வேலையை இப்போது நானே செய்கிறேன். பவர்ஷெல்லில் ஃபோல்டர் வாரியாக மெயில் எண்ணிக்கையை எடுத்து, ஆர்க்கைவ் கொடுக்கும் எண்ணிக்கையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் அது. புதிய பதிப்பில் மென்பொருளிலேயே அப்படி ஓர் ஒப்பீட்டு அறிக்கை வந்திருக்கிறது, ஓட்டிப் பார்த்தேன். சர்வர் பக்கத்தில் காலண்டர் பதிவுகளையும் சேர்த்து எண்ணுகிறது, ஆர்க்கைவ் பக்கத்தில் எண்ணுவதில்லை, அதனால் எல்லா மெயில்பாக்ஸிலும் மெயில் குறைவதாகக் காட்டுகிறது. ஆதரவுக் குழுவுக்கு எழுதினேன். சிங்க் நிலையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டச் சொல்கிறார்கள்.