எஞ்சிய லின்சீட் எண்ணெயும் ரங் எண்ணெயும்: திருகோணமலை வெயிலில் பல வருட அனுபவம்

பழைய முதிரை, தேக்குத் தளபாடங்களைச் சீர்செய்து எண்ணெய் பூசிக் கொடுக்கும் சிறிய பட்டறையொன்றை உப்புவெளிப் பக்கத்தில் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். காய்ச்சிய லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும், கொழும்பிலிருந்து வருவிக்கும் ரங் (tung) மரவிதை எண்ணெயும் எப்போதும் கையிருப்பில் இருக்கும். ஓர் அலுமாரிக்குத் தேவைப்படுவது சில நூறு மில்லிலீற்றர் மட்டுமே என்பதால், திறந்த ரின்னில் எஞ்சுவதை அடுத்த வேலை வரும்வரை கெடாமல் வைத்திருப்பது தொடர்ந்து வரும் தலையிடி. இதற்காகச் சொல்லப்படும் வழிகளில் பலவற்றை நீண்ட காலம் கையாண்டு பார்த்தபின் எனக்குத் தெளிவானது இதுதான்: ரின்னுக்குள் இருக்கும் காற்றைவிட, ரின்னை எத்தனை தடவை திறக்கிறோம் என்பதே எண்ணெயை அதிகம் கெடுக்கிறது.

இந்த எண்ணெய்கள் நீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. மரத்தின்மேல் நமக்கு வேண்டியதும் அதுவே, ரின்னுக்குள் வேண்டாததும் அதுவே. கடையில் 'காய்ச்சியது' என்று விற்கப்படும் லின்சீட் எண்ணெயில் கோபால்ட், மங்கனீசு போன்ற உலர்த்தி உப்புகள் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருப்பதால், அது காய்ச்சாத பச்சை எண்ணெயைவிட மிக விரைவாக இறுகும். இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு லீற்றர் ரின்னில் பாதி எண்ணெய், பாதி காற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை லீற்றர் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன். நிறையில் பார்த்தால் 0.14 கிராம் அளவில்தான் வரும். கீழே இருக்கும் எண்ணெயோ 460 கிராமுக்கு மேல். அது முழுவதும் காய்ந்து இறுகப் பல பத்துக் கிராம் ஒட்சிசன் வேண்டும். ஆகவே ஒரு தடவை இறுக மூடி விட்டுவிட்ட ரின்னில் மெல்லிய ஆடை மட்டுமே படியும். வாரத்துக்கு இரண்டு தடவை திறந்து மூடும்போதும், விளிம்பில் எண்ணெய் காய்ந்து மூடி சரியாகப் பொருந்தாதபோதும்தான் புதிய காற்று இடைவிடாமல் உள்ளே போகிறது.

எனவே ரின் வாங்கிய அன்றே முழுவதையும் சிறு கண்ணாடிப் போத்தல்களில் பிரித்து ஊற்றிவிடுவதே நான் நிலையாகக் கடைப்பிடிக்கும் முறை. லின்சீட் எண்ணெய்க்கு 180 மில்லிலீற்றர் கால் போத்தல்கள் மிகப் பொருத்தமானவை. அவை இந்த ஊரில் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதற்கான காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வெந்நீரில் கழுவி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் கவிழ்த்து உலர்த்தி, ஈரம் துளியும் இல்லாத போத்தலில் கழுத்துவரை எண்ணெயை நிரப்ப வேண்டும். விளிம்பு முட்ட நிரப்பக்கூடாது: வெப்பநிலை 15 பாகை ஏறினால் 180 மில்லிலீற்றர் எண்ணெய் ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் விரிவடைந்து மூடியின் வழியே கசியும், ஆகவே விரல் நகமளவு இடைவெளி போதும். பின்னர் போத்தலின் விளிம்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, மெல்லிய பொலித்தீன் துண்டொன்றை வாயில் வைத்து அதன்மேல் மூடியைத் திருகினால், மூடி ஒட்டிக்கொள்ளாது. ஒரு வேலைக்கு ஒரு போத்தல். திறந்ததை அந்த வேலையிலேயே முடித்துவிடுவேன். பழைய லேபலை உரித்துவிட்டு, எண்ணெயின் பெயரையும் திகதியையும் பெரிய எழுத்தில் ஒட்டுவது அவசியம், ஏனெனில் சாராயப் போத்தலில் பொன்னிறத் திரவத்தைக் கண்டால் ஆவலோடு எடுத்துப் பார்ப்பவர்கள் எந்தப் பட்டறையிலும் இருப்பார்கள்.

ரங் எண்ணெய்க்கு மட்டும் இருமல் பாணி வரும் கபில நிறப் போத்தல்களை ஒதுக்கியிருக்கிறேன். அது வெளிச்சத்தாலும் மாறக்கூடியது. நீண்ட நாள் ஒளிபட்டால் அதிலுள்ள கொழுப்பமிலம் உருமாறி வெண்மையாக உறையலாம்.

கண்ணாடிப் போளைகளைப் போட்டு எண்ணெய் மட்டத்தை உயர்த்தும் முறை பலராலும் சிபாரிசு செய்யப்படுகிறது. அது வேலை செய்யும், ஆனால் செலவும் அலுப்பும் அதிகம். 16 மில்லிமீற்றர் போளை ஒன்று 2 மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தையே அடைப்பதால், 300 மில்லிலீற்றர் வெற்றிடத்துக்கு ஏறத்தாழ 140 போளைகள் வேண்டும். எண்ணெய் ஐந்தில் இரண்டு பங்களவுக்குக் குறைந்தபின் போளைகள் எண்ணெய்க்கு மேலே தலைநீட்டிவிடும். அவற்றைக் கழுவுவது தனி வேலை. தண்ணீர்ப் போத்தலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுவதும் சில வாரங்களுக்குச் சரி. அதற்குமேல் பிளாஸ்டிக்கின் ஊடாகவே ஒட்சிசன் மெல்ல ஊடுருவும். நசுக்காமல் மூடிய பிளாஸ்டிக் போத்தல் கூடச் சில நாட்களில் தானாகவே உள்வாங்கி ஒடுங்குவதைக் காணலாம். எண்ணெய் உள்ளிருந்த ஒட்சிசனை உறிஞ்சிவிட்டது என்பதற்கு அதுவே கண்கூடான சான்று. ரின்னுக்குள் வாயால் ஊதி மூடச் சொல்பவர்களும் உண்டு. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 16 சதவீதம் ஒட்சிசனும் நிறைய ஈரமும் இருப்பதால் அந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது. ஆர்கன் வாயு உண்மையில் மிகச் சிறந்தது, துருப்பிடிக்காத உருக்குக் கம்பி ஒட்டும் கடைகளில் அது இருக்கும். ஆயினும் ஒவ்வொரு தடவையும் போத்தலைத் தூக்கிக்கொண்டு அங்கே போவது நடைமுறைக்கு ஒத்துவராது.

வைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கச்சான் எனும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் சீற் கூரையின் கீழ் உயரத் தட்டில் வைத்த எண்ணெய், அதே அறையில் சீமெந்துத் தரையோடு வைத்ததைவிடத் தெளிவாக முன்னதாகத் தடிக்கிறது. ஆகவே என் போத்தல்கள் வடக்குச் சுவரோரம் மரப்பெட்டிக்குள் தரையிலேயே இருக்கின்றன. தகர ரின்னை இங்கே நீண்ட நாள் நம்ப முடியாது: கடற்காற்றில் அதன் மூட்டுகளில் முதலில் கறள் பிடிக்கும், கறள் பிடித்த விளிம்பில் மூடி இறுகாது.

ஆடை படிந்த எண்ணெயை உடனே கொட்டிவிட வேண்டியதில்லை. ஆடையைக் கிழித்துக் கலக்காமல், ஓரமாகக் கத்தியால் வெட்டி முழுதாகத் தூக்கி எடுத்து, எஞ்சியதை மெல்லிய நைலோன் துணியில் வடித்தால் போதும். பின் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்து வைக்க வேண்டும். வழக்கமான காலத்துக்குள் பிசுபிசுப்பின்றிக் காய்ந்தால் அதைத் தாராளமாகப் பூசலாம். தூக்கும்போது நூல்போல் இழுபடும் எண்ணெயை மட்டும் நான் பயன்படுத்துவதில்லை. டர்பன்டைன் ஊற்றினால் அது இளகியதுபோல் தோன்றும், ஆனால் பிணைந்த மூலக்கூறுகள் பிரிவதில்லை. மரத்துக்குள் இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். வடித்த துணியையும் எடுத்த ஆடையையும் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. காயும்போது பிறக்கும் வெப்பம் குவியலுக்குள் தேங்கித் தானாகவே தீப்பற்றும். ஆகையால் அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்த பின்பே அகற்றுகிறேன், அல்லது வெளியே கொடியில் தனித்தனியாக விரித்து முற்றாகக் காயவிடுகிறேன்.