171 சேவை: அக்காளும் தம்பியும் பழகிப் பார்த்த முப்பது விநாடிகள்
2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானில் 9.0 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தபோது, தோக்கியோவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் ரயில்கள் நின்றுபோய், ஏறத்தாழ 51 லட்சம் பேர் அன்று வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள் என்று அரசு மதிப்பிட்டது. அப்படியொரு நாளில் ஆளுக்கொரு திசையில் சிக்கிக்கொள்ளும் உடன்பிறந்தவர்களுக்கு உதவக்கூடியது, 171 என்னும் பேரிடர்க்காலக் குரல்செய்திச் சேவை. 1995 கோபே நிலநடுக்கத்தின்போது தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் திணறிய பின்னர், 1998 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

மாதந்தோறும் 1, 15 ஆகிய தேதிகளில் எவரும் இதைப் பழகிப் பார்க்கலாம் என்பதால், நானும் பள்ளி மாணவனான என் தம்பியும் முயன்றோம். 171-ஐ அழைத்து, பதிவு செய்ய 1 அல்லது கேட்க 2 என்னும் விசையை அழுத்தி, ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை அறிந்தவர் வேறு இடத்திலிருந்து அழைத்துச் செய்தியைக் கேட்கலாம். முதல் முறை நாங்கள் தோற்றோம். தம்பி தன் கைப்பேசி எண்ணில் பேசிவைத்திருக்க, நான் வீட்டு எண்ணில் தேடிக்கொண்டிருந்தேன். குறை சேவையுடையதன்று, எந்த எண் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாத எங்களுடையது.

ஒரு செய்திக்கு 30 விநாடிதான். அதில் பாதியை, "அக்கா, கேட்கிறதா?" என்பதிலேயே தம்பி செலவழித்துவிட்டான். நலம் என்பதைவிட, எங்கே, யாருடன் இருக்கிறோம், அங்கேயே இருப்போமா என்பதுதான் முக்கியம். ஏனெனில் ஒருவரைத் தேடி மற்றவர் புறப்பட்டுவிட்டால் இருவரும் தெருவில்தான் நிற்க வேண்டியிருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கக் கூடாது என்பதே 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தோக்கியோ மாநகரச் சட்டவிதியின் அறிவுரையும்கூட.

குரல் வழிகாட்டுதல் ஜப்பானிய மொழியில் இருப்பது புதிதாக வந்தவர்களைத் திணறடிக்கும். அவர்களுக்கு, ஆங்கிலத்திலும் கிடைக்கும் இணையவழிச் சேவை எளிது. ஆனால் கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்துவிட்டால் இணையமும் இல்லை. நெரிசலிலும் பொதுத் தொலைபேசிக்கு இணைப்பில் முன்னுரிமை உண்டு. மின்தடையின்போது அதில் அட்டை செல்லாது, நாணயம் செல்லும். ஆகவே தம்பியின் பையில் இப்போது சில 10 யென் நாணயங்களும் வீட்டு எண் எழுதிய சீட்டும் இருக்கின்றன. அவன் பள்ளிக்கு அருகே பொதுத் தொலைபேசி எங்கிருக்கிறது என்பதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.