மூன்று வருஷ உரசல்: டிஸ்க் பிரேக்கோடு நான் பட்ட பாடு

என்னிடம் இருப்பது ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் போட்ட மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதைச் சைக்கிள். சக்கரத்தோடு சுற்றும் உலோகத் தட்டான ரோட்டார் முன்னால் 180, பின்னால் 160 மில்லிமீட்டர். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பிரேக் பிடிப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மழை, சேறு, செங்குத்தான இறக்கம் எதிலும் கைவிட்டதில்லை. பிடிக்காத நேரத்தில்தான் தொல்லை. சும்மா மிதித்துக்கொண்டு போகும்போது, பின்னால் உட்கார்ந்து யாரோ கத்தி தீட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

முதல் வருஷம் முழுக்க எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ரோட்டாரை இரண்டு பக்கமும் பேடால் (பிரேக் கட்டையால்) கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்திவிட்டு, ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் லிவரை அழுத்திப் பிடித்தபடியே திரும்ப இறுக்குவது. எல்லோரும் சொல்லித்தரும் முறை இதுதான், தப்பும் இல்லை. ஆனால் எனக்கு இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழைய கதை. ஆலன் கீயைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் உரசினால் ரோட்டார் கோணியிருக்கிறது. விடாமல் ஒரே சீராக உரசினால் காலிப்பர் தள்ளியிருக்கிறது, இல்லையென்றால் பேடைத் தள்ளும் பிஸ்டன் சரியாக உள்ளே போகவில்லை. நீண்ட இறக்கம் முடிந்ததும் வந்து, கொஞ்ச நேரத்தில் தானே அடங்கினால் சூடு. சேற்றில் போய் வந்த பிறகு கரகரவென்றால் மண். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். ரோட்டாருக்கும் பேடுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, அதில் பத்தில் சில பங்குதான். அவ்வளவு நெருக்கத்தில் எதுவும் உரசத்தான் செய்யும்.

என் பைக்கில் பாதிக் குற்றவாளி பிரேக்கே இல்லை. பின்சக்கரத்தில் க்விக் ரிலீஸ், அதாவது கருவி இல்லாமல் கையாலேயே தளர்த்திக் கழற்றும் அச்சு. பைக்கைக் காரில் ஏற்ற ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றுவேன். திரும்ப மாட்டும்போது பைக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவசரமாக முடுக்குவேன். ஆக்ஸில் (அச்சு) ஒரு பக்கம் மயிரிழையளவு மேலே நின்றுவிடும்; ரோட்டாரும் அதோடு சாய்ந்துவிடும். நானோ அந்தச் சாய்ந்த ரோட்டாருக்கு ஏற்றபடி காலிப்பரை நகர்த்தி வைத்திருக்கிறேன்! அடுத்த முறை சக்கரம் நேராக உட்கார்ந்ததும் உரசல் திரும்ப வரும். இப்போது பைக்கை இரண்டு சக்கரத்திலும் நிற்க வைத்து, க்விக் ரிலீஸைத் தளர்த்தி, சீட்டை ஒரு கையால் கீழே அழுத்திக்கொண்டு மூடுகிறேன். த்ரூ ஆக்ஸில் (ஃப்ரேமின் துளைக்குள் நுழைத்து முடுக்கும் அச்சு) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி அநேகமாக இல்லை.

மீதிப் பாதி, சோம்பேறிப் பிஸ்டன். காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து, லிவரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரண்டு பேடும் ஒரே நேரத்தில் ரோட்டாரைத் தொட வேண்டும். என் பைக்கில் இடப்பக்கம் பாய்ந்து வந்து ரோட்டாரை எதிர்ப்பக்கம் வளைத்தது. வலப்பக்கம் அசையவே இல்லை. பிஸ்டனை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங் எதுவும் அங்கே கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அழுத்தும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனைக் கூடவே இழுத்துப்போகிறது. பிஸ்டனின் ஓரத்தில் பிரேக் தூசி அப்பிக் காய்ந்துவிட்டால் இந்த ஆட்டம் நடக்காது.

சக்கரத்தையும் பேடையும் கழற்றி, ஒழுங்காக வரும் பிஸ்டனை பிளாஸ்டிக் டயர் லிவரால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, பிரேக் லிவரை மெல்ல மெல்ல அழுத்தி மற்றதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே கொண்டுவந்தேன். ஓரம் முழுக்கக் கருப்பு வளையம். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அந்த பிரேக்குக்கு உரிய ஆயிலிலேயே ஒரு சொட்டு வைத்து, உள்ளே தள்ளி, திரும்ப வெளியே எடுத்து, நாலு தடவை செய்ததும் வழிக்கு வந்தது. மினரல் ஆயில் பிரேக்கில் மினரல் ஆயில், டாட் (DOT) பிரேக்கில் டாட் ஆயில். மாற்றி வைத்தால் சீல் ஊதிப்போய் காலிப்பரே வீண். முடிந்ததும் மிச்ச ஆயிலைச் சுத்தமாகத் துடைக்காமல் பேடைப் போடாதீர்கள்.

முதல் தடவை ஆர்வக்கோளாறில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டேன். பிஸ்டன் டப்பென்று வெளியே விழுந்தது, பின்னாலேயே ஆயில். அன்றுதான் ப்ளீட் செய்யவும், அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றவும், கற்றுக்கொண்டேன், வேறு வழியில்லாமல்.

ரோட்டார் கோணியது ஒரே ஒரு முறை, காருக்குள் ஏதோ கனமான பொருள் மேலே சரிந்து. கோட்டம் எடுக்கப் பெரிய கருவி வேண்டாம். உரசும் இடத்தில் மார்க்கரால் குறி வைத்து, ஆல்கஹாலில் துடைத்த ஸ்க்ரூ ஸ்பேனரால் அந்த இடத்தைக் கவ்வி எதிர்ப்பக்கம் ஒரு துளி நெட்ட வேண்டும். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். நான் போதாது என்று நினைத்து அழுத்தியதில் எதிர்ப்பக்கம் கோணி, அதை எடுக்க இன்னும் அரைமணி. ரோட்டார் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள், சுற்றும்போது விரலைக் கிட்டே கொண்டுபோகவே போகாதீர்கள். புதிதில் அது பெரும்பாலும் 1.8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். குறைந்தபட்ச அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும், என்னுடையதில் 1.5. போன மாதம் அளந்தால் 1.6. மாற்றும் நாள் தூரத்தில் இல்லை.

சக்கரம் இல்லாதபோது லிவரைத் தொட்டுவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நடுவே மடித்த அட்டையைச் செருகி வைப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

எல்லா உரசலையும் துரத்திக்கொண்டு ஓட வேண்டும் என்றும் இல்லை. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டால் தடையில்லாமல் நீளச் சுற்றுகிறதா, சரி, லேசான சத்தத்தோடு ஓட்டலாம். நான் ஓட்டுகிறேன்.

பின்சக்கரம் இப்போது வாய் திறப்பதில்லை. முன்சக்கரம்தான் நேற்றிலிருந்து முனக ஆரம்பித்திருக்கிறது, அதுவும் எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும். காலிப்பரைத் தொடவில்லை. டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். லேசான பிளே (தளர்ந்த ஆட்டம்) தெரிகிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பேரிங்.