ஃபெர்குசன் டி.இ.டி. 20: தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இங்கிலாந்தில் எனக்குள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்துக்காகச் சென்ற ஆண்டு சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் ஒன்றை வாங்கினேன். மாடல், டி.இ.டி. 20. கடைசி எழுத்து டீசலைக் குறிக்கிறது என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். வண்டியில் குறை ஏதும் இல்லை, அந்த விளக்கம்தான் தவறு.

இந்தப் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே சொற்களின் சுருக்கம்: டிராக்டர், இங்கிலாந்து. 20 என்பது ஏறத்தாழ அதன் இழுவைக் குதிரைத்திறன். ஹாரி ஃபெர்குசனின் இந்த வடிவமைப்பை ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் கவன்ட்ரியின் பேனர் லேன் ஆலையில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரித்தது. 1948 முதல் டெட்ராய்ட்டில் தயாரானவற்றுக்கோ டி.ஓ. 20 என்று பெயர். அந்த ஓ, 'ஓவர்சீஸ்'. அமெரிக்க மண்ணிலேயே பிறந்த வண்டிக்குக் கடல் கடந்தது என்று பெயர் வைத்ததிலிருந்து, பெயர் சூட்டியவர்கள் எங்கிருந்து உலகைப் பார்த்தார்கள் என்பது விளங்குகிறது.

பெயரின் மூன்றாம் எழுத்து வெறும் ஆங்கில அகரவரிசை. அமெரிக்க கான்டினென்டல் எஞ்சினோடு வந்த முதல் வண்டிகளில் அது இல்லை. ஸ்டாண்டர்டின் சொந்த பெட்ரோல் எஞ்சின் வந்தபோது ஏ சேர்ந்தது. பி, சி இரண்டும் அகலம் குறைந்த வண்டிகள். அந்த வரிசையில் அடுத்து வரும் டி, மண்ணெண்ணெயை ஒத்த டிராக்டர் எண்ணெயில் ஓடுவது. டீசல் 1951இல்தான் வந்தது, அதற்கு எஃப்.

டிராக்டர் எண்ணெய்க்கு அக்காலத்தில் வரி இல்லாததால் உழவர்கள் டி.இ.டி. வண்டியை விரும்பினார்கள். டேங்க்கில் இரண்டு அறைகள், இரண்டு மூடிகள். சிறிய அறையின் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, நன்றாகச் சூடேறியதும் குழாயைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டரில் எண்ணெய் தங்கி மறுநாள் காலை வண்டி கிளம்பாது. பிரிட்டனில் அந்த எண்ணெயின் விற்பனை 1970களிலேயே நின்றுவிட்டது. நான் முழுக்கப் பெட்ரோலில் ஓட்டுகிறேன். எண்ணெய்க்காகச் சுருக்க விகிதத்தை, அதாவது எரிபொருள் கலவையை உள்ளே அழுத்தும் அளவை, குறைத்த எஞ்சின் என்பதால், குடிக்கும் பெட்ரோலுக்கு ஏற்ற வலு கிடைப்பதில்லை.

ஆனாலும் வேலையில் இது என்னை ஒருநாளும் ஏமாற்றவில்லை. கிளப்புவதற்கு கியர் கம்பியையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ள வேண்டும், ஆகவே கியரில் இருக்கும்போது வண்டி தவறுதலாகக் கிளம்பிப் பாய வழியில்லை. இருக்கையின் வலப்பக்கத்துச் சிறு நெம்புகோலை விரலால் அசைத்தால் கலப்பை எழுந்து நிற்கிறது. கலப்பையை மூன்று புள்ளிகளில் பொருத்தும் இந்த முறை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே தயாரித்துவரும் மாஸி ஃபெர்குசன் வண்டிகளும் இதே மரபில் வந்தவைதாம்.

வாங்க நினைப்பவர்கள் விற்பவரின் பேச்சை விட்டுவிட்டு, கருவிப் பலகையில் உள்ள தகட்டை முதலில் படியுங்கள். என் வண்டியில் அதன் மேலேயே சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டிய பிறகுதான் எழுத்துகள் தெரிந்தன. தகடு சொல்வது ஆலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த நிலையை மட்டுமே. எழுபது ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருக்கலாம், அதனால் டேங்க்கின் மூடிகளையும் எண்ணிப் பாருங்கள். டீசல்தான் வேண்டும் என்றால் எஃப் எழுத்துள்ள வண்டி கிடைக்கும்வரை காத்திருங்கள். தோட்ட வேலைக்கும் சிறு நிலத்துக்கும் டி.இ.டி. 20 போதும், டீசல் வண்டியின் விலையை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.