செவன் கிட்டா, பீட்டில் பக்கியா, பழைய கார்ட்டினாவா? டர்பன் வீட்டுக் கராஜுக்கு எது தோது

சொந்தக் கையால் ஒரு காரைக் கட்டி ஓட்டவேண்டும் என்ற ஆசை டர்பன் தமிழர்களுக்கு வருவதில் வியப்பில்லை. மெர்பேங்கிலும் இசிபிங்கோவிலும் தெருவுக்கு ஒரு ஃபிட்டராவது பாய்லர்மேக்கராவது இருப்பார். புராஸ்பெக்டன் டொயோட்டா ஆலை அங்கிருந்து கூப்பிடு தூரம். சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலை ஒரு சுற்று நடந்தால் பானெட் திறந்து கிடக்கும் வண்டிகள்தான் கண்ணில் படும்.

ஆசை வந்ததும் மூன்று வழி தெரியும். லோட்டஸ் செவன் என்ற இலேசான திறந்த காரின் சாயலில், புதுக் குழாய்ச் சட்டத்தோடு (சேஸி) பாகங்களாக வந்து நாமே பூட்டும் கிட் ஒன்று. வோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தின்மேல் ஃபைபர்கிளாஸ் உடலை உட்காரவைக்கும் பீச் பக்கி இன்னொன்று. இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒரு ஃபோர்டு கார்ட்டினாவையோ டட்சனையோ பிரித்துப் புதுக்குவது மூன்றாவது. நான் போனது பக்கி வழி. ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோப்ரா என்ற வி8 ஸ்போர்ட்ஸ் கார் எங்கே என்று கேட்பீர்கள். போர்ட் எலிசபெத்தின் ஹைடெக், நம்ம டர்பனின் பேக்டிராஃப்ட் இரண்டும் கோப்ரா சாயல் வண்டிகளை அமெரிக்காவுக்கே அனுப்புகிறவை. தரத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் வி8 இன்ஜின், அதைத் தாங்கும் கியர்பாக்ஸ், டிஃப் (டிஃபரென்ஷியல்) என்று கணக்குப் போட்டால் வீட்டு பாண்டை (அடமானக் கடனை) மறுபடி திறக்கவேண்டி வரும். பொழுதுபோக்குக்கு அது அதிகம். விட்டுவிடுவோம்.

பணம், இடம், வீட்டாரின் பொறுமை: மூன்று வழியும் இவற்றைத் தின்னும், கூடக்குறைய ஒரே அளவில். ஒற்றைக் கராஜ் இருந்தால் மூன்றையும் செய்யலாம். தகரக் கூரை மட்டும் என்றால், கடற்காற்று அடிக்கும் பகுதியில் தகடு வேலை எதையும் தொடாதீர்கள். இதைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

செவனைப் பற்றி நியாயமாகப் பேசவேண்டும். ஓட்டும் சுகம் என்று பார்த்தால் அதற்குப் பக்கத்தில் பக்கி நிற்காது. 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த அந்த வடிவம் இன்னும் சாகாததற்குக் காரணம் எடைதான். ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது கிலோவுக்குள் ஒரு வண்டி. அதில் 1600 சிசி இன்ஜினே போதும். டர்பனை ஒட்டிய பைன்டவுன் பக்கம் 1980-களில் தொடங்கிய பிர்கின் நிறுவனம் இந்த வடிவத்தைக் கட்டி வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. அதனால் இது நமக்கு எங்கோ இருக்கும் சங்கதி அல்ல. ஃபைபர்கிளாஸ் உடலில் கார் கட்டும் பழக்கமே இந்த நாட்டில் பழையது. ஃபோர்டு ஆங்லியா இன்ஜினை வைத்துக் கேப்டவுனில் ஜிஎஸ்எம் டார்ட் வந்தது 1958-ல்.

செவன் கிட்டின் வேலை சுத்தமானது. சட்டம் புதுசு, துரு கிடையாது, நட்டு போல்ட்டு கையில் திரும்பும். ஃபோர்டு கென்ட் இன்ஜின் போட்டால் அது முன்பே நீளவாக்கில் உட்காரும் ஜாதி. பின்னால் கியர்பாக்ஸ் இயல்பாகச் சேரும். டொயோட்டா கான்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐ-யின் 4ஏ-ஜிஇ இன்ஜின்மேல் எல்லாருக்கும் ஒரு கண். நல்ல இன்ஜின்தான், ஆனால் அது முன்சக்கர வண்டியில் குறுக்கே படுத்திருந்தது. அதை நெடுக்கே திருப்பி, பின்சக்கர கியர்பாக்ஸும் அதை இன்ஜினோடு சேர்க்கும் பெல்ஹவுசிங்கும் தேடவேண்டும். ஒரு செவனை நான் நெடுநாள் வைத்து ஓட்டியதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து அந்தச் சட்டம் எப்படி இருக்கும் என்பதை வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் செவன் இல்லை? ஒரே காரணம்: பேப்பர்.

கிட் கார் பேச்சில் எல்லாரும் இன்ஜினையும் சஸ்பென்ஷனையும்தான் அலசுகிறார்கள். வண்டி முடிந்ததும் ரோட்டில் இறங்க அதற்கு ஒரு பிறப்புச் சான்று வேண்டும் என்பதை யாரும் முதலில் பேசுவதில்லை. புதுக் குழாய்ச் சட்டத்துக்கு நாட்டின் வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் இ-நாடிஸ் கணினியில் பெயரே கிடையாது. அதைப் பதிவு செய்ய, நீங்களே கட்டினீர்கள் என்ற அஃபிடவிட், ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் ரசீது, போலீஸ் கிளியரன்ஸ், எடைமேடைச் சீட்டு, ரோட்வொர்தி என்ற ரோட்டுத் தகுதிச் சான்று, இவற்றோடு என்.ஆர்.சி.எஸ் என்ற தர ஒழுங்கு அமைப்பின் அனுமதிக் கடிதம் என்று ஒரு கோப்பே சேரும். கிட் விற்பவர் முறையாகப் பதிவான உற்பத்தியாளராக இருந்து, எண் பொறித்த சட்டத்தைத் தந்தால் பாதிப் பாரம் குறையும். வீட்டிலேயே குழாய் வாங்கி வெல்டு செய்த சட்டம் என்றால் முழுப் பாரமும் உங்கள் தலையில்.

போலீஸ் கிளியரன்ஸில் அவர்கள் பார்ப்பது இரண்டு எண்கள்: சட்டத்தினுடையது, இன்ஜினுடையது. சட்டத்தில் எண் இல்லையென்றால் போலீஸ் வழியாக ஒரு எண் கிடைக்கும். இன்ஜின் எண்தான் சிக்கல். ஸ்கிராப்யார்டில் கைக்காசு கொடுத்து, சீட்டில்லாமல் தூக்கிவந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. கணினிக்கு மட்டும் தெரியும். பழைய பொருள் வியாபாரத்துக்கென்று 2009-லேயே சட்டம் வந்து, வியாபாரிகள் பதிவேடு வைக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. ரசீது தரமாட்டேன் என்கிறவரிடம் இன்ஜின் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய இன்ஜினை இறக்குமதிச் சீட்டோடு வாங்குவது அதைவிட நிம்மதி.

பக்கியின் கதை இங்கேதான் வேறு. பீட்டிலின் சட்ட எண், பின்சீட்டுக்கு அடியில் நடுத் தண்டின்மேல் பொறித்திருக்கும். உடலைக் கழற்றிப் போட்டாலும் அந்த எண் அடித்தளத்தோடு நிற்கும். இருபக்கத் தரைத் தகடும் துருப்பிடித்துப் பொடியானாலும் அவற்றை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கலாம். தண்டும் எண்ணும் அப்படியே இருக்கும். கட்டுகிற வண்டி உருமாறிய பழைய வண்டி, பிறப்பே இல்லாத புது வண்டி அல்ல. வடிவம் மாறியதையும், இன்ஜின் மாற்றியிருந்தால் அதையும் பதிவில் திருத்தவேண்டும். அதற்கும் போலீஸ் கிளியரன்ஸும் எடைமேடையும் ரோட்வொர்தியும் உண்டு, மைக்ரோடாட் (வண்டியில் ஒட்டும் நுண்ணிய அடையாளப் புள்ளிகள்) கேட்பார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ள ஒரு பதிவைத் திருத்துவதற்கும், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பதிவைப் பிறப்பிப்பதற்கும் உள்ள தூரம், கவுண்டர் முன்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்த மேங்ஸ் பக்கியின் வழியில் வந்த உடல்கள் குட்டையானவை. அவற்றுக்காக பீட்டில் அடித்தளத்தை ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் வெட்டிக் குறுக்கவேண்டும். வெட்டும் இடம் பின்பகுதியில், எண் இருக்கும் வட்டாரத்திலேயே வருகிறது. எண்ணைத் தொட்டுவிட்டால், நல்ல எண்ணத்தோடு வெட்டினீர்களா கெட்ட எண்ணத்தோடு வெட்டினீர்களா என்று கிளியரன்ஸ் மேசையில் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் வெட்டாத முழுநீள அடித்தளத்துக்கு வரும் உடலை நான் எடுத்தேன். பார்வைக்குக் கொஞ்சம் நீளம், குட்டை பக்கியின் துடுக்கு அதற்கு இல்லை. என் அக்கா மகன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இது பக்கியா, படகா?" என்றான். படகாகவே இருக்கட்டும், எண் பத்திரமாக இருக்கிறது. வெல்டிங் தைரியத்தைப் பொறுத்தவரையிலும் இதுதான் நல்லது. சட்டத்தை வெட்டி ஒட்டுவது பாய்லர்மேக்கர் வேலை, யூடியூப் பார்த்துச் செய்கிற வேலையில்லை.

பேப்பர் விஷயம் விற்கும்போது மறுபடி தலைகாட்டும். நம் நாட்டில் வண்டிக்கு ஒரு கோடு (குறியீட்டு எண்) உண்டு: புதுசு 1, பழசு 2, மறுபடி கட்டியது 3. மூன்றாம் கோடு வண்டிக்கு வங்கிக் கடன் எதிர்பார்க்காதீர்கள், இன்ஷூரன்ஸ்காரரும் முகம் சுளிப்பார். அப்படியானால் வாங்குபவர் முழுக் காசையும் கையில் வைத்திருக்கவேண்டும்; அப்படிப்பட்டவர் விலையை அடித்துத்தான் பேசுவார். உங்கள் கிட் கார் எந்தக் கோட்டில் விழும் என்பதைக் கட்டத் தொடங்குமுன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விலை உடன்பாட்டோடு பொழுதுபோக்கு வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் தருபவர்கள் இருக்கிறார்கள், மதிப்பீட்டுச் சான்று கேட்பார்கள். கட்டும்போதே ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து ரசீதோடு சேர்த்துவையுங்கள். மதிப்பீட்டுக்கும் உதவும், போலீஸ் கேள்விக்கும் உதவும்.

பேப்பர்தான் முக்கியம் என்றால் கார்ட்டினா இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். கேள்வி சரி. எண்ணும் மாறாது, உருவமும் மாறாது, பதிவில் ஒரு வரி திருத்தவேண்டாம். அந்தக் கணக்கில் மூன்றாம் வழிதான் முதலாவது. ஆனால் தகட்டுக் காருக்கு டர்பன் காற்று எமன். சில், வீல் ஆர்ச், கதவடி என்று ஒரு பக்கம் வெட்டி ஒட்டி முடிப்பதற்குள் மறுபக்கம் கொப்புளம் கிளம்பும். பெயின்ட் வேலையை வெளியில் கொடுத்தால், செலவில் அதுவே பெரிய வரி. எஸ்கார்ட், கார்ட்டினா விலையும் இப்போது ஆசைக்காரர்களால் ஏறிக்கிடக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் காய்ந்த காற்றில் இருப்பவர் என்றால் நான் கார்ட்டினாவையே சிபாரிசு செய்வேன். கடலோரத்தில் ஃபைபர்கிளாஸ் உடல் தருகிற நிம்மதியே வேறு.

பராமரிப்பில் பீட்டில் இன்ஜினுக்கு ஈடில்லை, வேலை தெரிந்தவருக்கு மட்டும். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. இரண்டரை லிட்டர் ஆயில், அதை வடிகட்ட ஒரு சல்லடை மட்டுமே. அதனால் ஆயிலைத் தாமதிக்காமல் மாற்றவேண்டும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி, 0.15 மில்லிமீட்டர். பின்சக்கரத்தின் 36 மில்லிமீட்டர் நட்டுக்கு ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நீளக் கம்பியும் ஒரு கனத்த மச்சானும் வேண்டும். பெட்ரோல் ரப்பர் குழாயை வருஷா வருஷம் பாருங்கள். சூடான இன்ஜின்மேல் வெடிப்புவிட்ட குழாய் சொட்டினால் ஃபைபர்கிளாஸ் நின்று எரியும்.

பாகம் கிடைப்பது பெரிய பலம். யூட்டன்ஹேக் வோக்ஸ்வாகன் ஆலையில் 1951-லிருந்து 1979 வரை பீட்டில் கட்டினார்கள். அது போதாதென்று மெக்சிகோவில் 2003 வரை அந்த வண்டி ஓடியது, பிரேசிலில் காற்றுக் குளிர்ச்சிக் கொம்பி வேன் 2005 வரை வந்தது. அதனால் புதுப் பாகம் இன்னும் வருகிறது. செவனுக்கு இன்ஜின் பாகம் ஃபோர்டு, டொயோட்டா கடையில் கிடைக்கும். சட்டத்துக்கும் உடலுக்கும் உரிய பாகத்துக்குக் கிட் விற்றவரையே நம்பவேண்டும். அவர் கடையை மூடினால் நீங்களே செய்துகொள்ளவேண்டியதுதான்.

பக்கியின் குறைகளை மறைக்கமாட்டேன். பழைய ஆடும் அச்சுப் (ஸ்விங் ஆக்சில்) பின்பகுதி, மேலே கனமில்லாத உடல், பின்னால் தொங்கும் இன்ஜின்: வளைவில் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். முன்சக்கரத்தில் பாரம் குறைவு என்பதால் ஈரத் தரையில் பிரேக் அடித்தால் அது பூட்டிக்கொள்ளும். டர்பனில் மழை கோடையில்தான், அதாவது திறந்த வண்டியை வெளியே எடுக்க மனசு வருகிற மாதங்களில். பெயரில் பீச் இருந்தாலும் கடற்கரையில் இறக்கமுடியாது. 2002 ஜனவரியிலிருந்து கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை. அமன்சிம்டோட்டி வரை கடலோர ரோட்டில் போய்வருவதோடு சரி.

யாரோ தொடங்கி, பாதியில் விட்ட கிட்டை மலிவாக வாங்கலாமே என்பார்கள். நான் வாங்கியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லமாட்டேன். வாங்கப் போனால் வெல்டிங்கைப் பார்க்குமுன் கோப்பைக் கேளுங்கள். பாகங்களின் ரசீது இல்லையென்றால், பாதி முடிந்த வேலை உங்கள் கைக்கு வரும்போது இன்னும் தொடங்காத வேலைதான்.

பக்கி என்று முடிவு செய்தவர்கள் அடித்தளம் வாங்கப் போகும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பின்சீட்டின் வலப்புறம், பேட்டரி உட்காரும் மூலை. முதலில் ஓட்டையாவது அதுதான். அங்கே தகடு திடமாக இருந்தால் மற்ற இடம் அனேகமாகத் தேறும். இன்னொன்று, தண்டின் மேலுள்ள எண். கம்பித் தூரிகையால் தேய்க்கவேண்டாம், துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் போதும். எண் தெளிவாகத் தெரிந்து, பதிவுச் சான்றில் உள்ளதோடு ஒத்துப்போய், சான்று விற்பவர் பெயரிலேயே இருந்தால் பேரம் பேசலாம். லைசென்ஸ் எத்தனை வருஷமாகக் கட்டாமல் கிடக்கிறது என்றும் கேளுங்கள், நிலுவையும் அபராதமும் சேர்ந்திருக்கும். "தாத்தா வண்டி, பேப்பர் எங்கேயோ வீட்டில்தான் இருக்கும் அண்ணே" என்றால், பேப்பர் கிடைத்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.